ஏறு விடுத்தல்



தமிழிலே முப்பத்திரண்டு அறங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. காஞ்சியிலே காமாட்சி அம்மை இருநாழி நெல்லைக் கொண்டு இந்த முப்பத்திரண்டையும் வளர்த்தாள் என்பது புராணச் செய்தி. ஓதுவார்க்கு உணவு கொடுத்தல், மடம் கட்டுதல், குளம் தோண்டுதல், தண்ணீர்ப் பந்தல் வைத்தல், கண்மருந்து கொடுத்தல் என்று நீளும் அந்தப் பட்டியலைத் திண்ணைப் பள்ளியிலே மனனம் செய்த ஒரு தலைமுறை நம்மிடையே இருந்தது. அதிலே மனிதருக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் பங்கு உண்டு. பசுவுக்கு வாயுறை கொடுத்தல் ஓர் அறம். ஆவுரிஞ்சு தறி நாட்டுதல் இன்னோர் அறம். ஏறு விடுத்தல் வேறோர் அறம்.

வாயுறை என்பது ஒரு வாய்ப் புல். அது விளங்குகிறது. ஆவுரிஞ்சு தறியும் யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கம் வேண்டாத ஒன்று. பழைய வீதியோரங்களிலே, சுமைதாங்கிக்கும் கேணிக்கும் பக்கத்தில் தனியே நட்டு நிற்கும் கல்லை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆவுரஞ்சிக் கல் என்பார்கள். 'ஆ' என்றால் பசு. மேய்ந்து திரும்பும் மாடு, தினவெடுத்த கழுத்தையும் விலாவையும் உரஞ்சிக் கொள்வதற்காக யாரோ ஒரு புண்ணியவான் நட்டுவைத்த கல். பொதி சுமப்பவனுக்கு ஒரு கல், மாட்டுக்கு ஒரு கல், இருவரும் குடிக்க ஒரு கேணி; ஒரு காலத்து வீதி இப்படித்தான் அமைந்திருந்தது.

ஏறு விடுத்தல் மட்டும் நெடுநாள் எனக்கு ஏட்டுச் சொல்லாகவே இருந்தது. ஊர்ப் பசுக்களின் இனம் பெருகுவதற்காக நல்ல காளை ஒன்றை ஊருக்குப் பொதுவாக விட்டுவைத்தல் என்று அகராதிப் பொருள் சொல்லிவிடலாம். ஆனால் மடம் கட்டுவதோடும் குளம் தோண்டுவதோடும் அதனைச் சமமாக வைத்து எண்ணியது ஏன்? அந்தக் கேள்விக்கு விடை, இரண்டு நாட்டுப் பசுக்கள் எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்த பின்னரே எனக்குக் கிடைத்தது. அந்த விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்களுடையது வலிகாமத்திலே, செம்பாட்டு மண்ணில் எட்டுப் பரப்புத் தோட்டம். வெங்காயம், மிளகாய், மரவள்ளி, ஒரு மூலையிலே வாழை. 2021 ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரிலே தடையைத் தளர்த்தியது. இடையிலே போன போகத்தை யாரும் திருப்பித் தரவில்லை. அடுத்த ஆண்டு மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஒரு மூடை யூரியாவின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அந்த நாட்களிலேதான், வெறுமையாய்க் கிடந்த மாட்டுக் கொட்டிலை என் மனைவி கூட்டத் தொடங்கினாள். 2023 தை மாதம், பூநகரியிலே பட்டி வைத்திருந்த ஒருவரிடமிருந்து இரண்டு பசுக்களை வாங்கி வந்தோம். ஒன்று வெள்ளை, கண்ணோரமும் குளம்பும் கறுப்பு. மற்றது செந்நிறம். இரண்டும் என் இடுப்புக்குச் சற்று மேலே வரும் உயரந்தான். சிறிய திமில், நெருங்கிய கொம்பு, எலும்பு தெரியும் முதுகு.

பக்கத்து வளவுப் பெரியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது எத்தினை போத்தில் கறக்கும்?"

"கண்டு குடிச்சது போக இரண்டு போத்தில் வந்தால் பெரிய காரியம், அப்பு."

"பிறகேன் வாங்கினனீ? ஒரு ஜேர்சியைக் கட்டியிருக்கலாமே!"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏனென்றால் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளாக மாட்டை நாம் போத்தலால்தான் அளந்து வருகிறோம். அதற்கு முன்னர் அதனை எதனால் அளந்தோம் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழிலே மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே ஒரு பொருள் உண்டு. பகைவனின் ஆநிரையைக் கவர்வதையும் மீட்பதையும் போரின் தொடக்கமாகத் தொல்காப்பியம் வகுத்தது. கலித்தொகையின் முல்லைப் பாடல்களிலே ஏறு தழுவிய வீரனுக்குத்தான் பெண். சிந்துவெளியை ஒட்டிய நிலத்திலே ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மனிதனோடு வாழப் பழகிய திமில் மாட்டின் வழிவந்தவைதான் எங்கள் கொட்டிலில் நிற்கும் இந்த இரண்டும். வெயிலிலே நின்று மேயவும், தண்ணீர் குறைந்த நாளைச் சமாளிக்கவும், உண்ணிக்கு ஈடுகொடுக்கவும் அந்த நீண்ட வாழ்க்கை அவற்றைப் பழக்கியிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்தால், இங்கே மாட்டின் கதை மண்ணின் கதையாகிவிடுகிறது. இந்த நிலத்துக்கு ஆறு இல்லை. மாரியிலே மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான் ஆறென்று பெயர் பெற்றது. அடியிலே சுண்ணக்கல்; மேலே மெல்லிய மண் போர்வை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைக் கல் உறிஞ்சி வைத்திருக்க, அதைக் கிணற்றிலிருந்து துலாவால் இறைத்து இறைத்துத்தான் தோட்டம் செய்தார்கள். இறைக்கிற தண்ணீர் மண்ணின் சத்தையும் கீழே கொண்டுபோய்விடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மண்ணைப் புதிதாக ஆக்க வேண்டியிருந்தது. பூவரசங் குழை, பழைய வேலி ஓலை, கூரை ஓலை, சாம்பல் எல்லாம் தோட்டத்திலே தாழ்க்கப்பட்டன. அவற்றுக்கெல்லாம் மேலாக மாட்டெரு வேண்டும்.

புகையிலைத் தோட்டம் செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போய்ப் பெயரெடுத்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் அந்த வியாபாரம் தொடர்ந்தது. நடுகைக்கு முன்னர் வெறுந்தறையிலே ஆட்டையும் மாட்டையும் பட்டி அடைப்பார்கள். இன்றிரவு இந்தத் துண்டிலே, நாளையிரவு அடுத்த துண்டிலே என்று பட்டியை நகர்த்திக்கொண்டே போனால், தோட்டம் முழுவதும் சாணகமும் சலமும் சேர்ந்துவிடும். சுமந்து கொட்டும் வேலை மிச்சம். சொந்த மாடில்லாதவன் பிறர் மாட்டைப் பட்டி அடைப்பதற்குக் கூலி கொடுத்தான். மாடு பகலிலே தரவையில் மேய்ந்த புல்லை இரவிலே தோட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்று சொன்னால் கணக்குச் சரியாக இருக்கும். தைப்பொங்கலுக்கு மறுநாளை நம்மவர் பட்டிப் பொங்கல் என்று சொல்வதும் இந்த நினைவோடுதான் போலும்.

ஆகவே அந்தக் காலத்து நாட்டு மாட்டிலே பால் ஒரு பங்குதான். எரு ஒரு பங்கு. உழவு ஒரு பங்கு. வண்டில் ஒரு பங்கு. பாரம் இழுக்கப் பெரிய மாடு வேண்டியபோது இந்தியாவிலிருந்து தோணியிலே வந்த 'வடக்கன்' மாடுகளை வாங்கினார்கள். 1905 ஆம் ஆண்டு புகையிரதப் பாதை கொழும்போடு இணைக்கப்படும் வரை குடாநாட்டின் விளைச்சலைத் தரைவழியே வெளியே கொண்டுபோனது மாட்டு வண்டில்தான். இன்றும் ஊர்களிலே நடக்கும் மாட்டுவண்டிச் சவாரியைப் பார்க்கும்போது அந்த வண்டில் காலத்தின் மிடுக்கு கொஞ்சம் தெரிகிறது.

மாட்டைப் பறிப்பது ஒரு குடும்பத்தைப் பறிப்பதாக இருந்த காலத்தைப் பற்றிய கதையொன்றும் நம்மிடம் உண்டு. 1619 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அதன் பின்னர், அதிகாரியின் உணவுக்காக வீட்டுக்கு வீடு முறைவைத்து ஒவ்வொரு பசுவாகக் கொடுக்க வேண்டும் என்று கட்டளை பிறந்ததாம். திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர் என்பவர், தமது முறை வருவதற்கு முதல்நாள் இரவே ஊரைவிட்டுப் புறப்பட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. அங்கே அவர் சைவ சித்தாந்தப் பேராசிரியராகி, சிவஞான சித்தியாருக்கு உரை எழுதினார். சிதம்பரத்திலே அவர் வெட்டுவித்த குளம் இன்றும் ஞானப்பிரகாசர் குளம் என்றே வழங்குகிறது. கதையின் ஒவ்வொரு வரியையும் வரலாறு என்று சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பசுவைக் கொடுக்க மாட்டாமல் ஒருவர் ஊரையே துறந்தார் என்பதை இந்த ஊர் நம்பி, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையே ஒரு சாட்சி.

பழையதை எல்லாம் பொன்னாக்கிக் காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. துலா மிதித்தவர் எல்லாரும் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். எரு சுமந்த தலைகள் வேறு, விளைச்சலை எண்ணிய கைகள் வேறு. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட நாம்பன் எல்லாருடைய வேலிக்குள்ளும் புகுந்து மேய்ந்தது. கோயிலுக்குள்ளே எல்லாரும் நுழைய முடியவில்லை. 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த சமூகம் இது. அறப்பட்டியலிலே மாட்டுக்கு இடம் கொடுத்தவர்கள் மனிதரிலே சிலருக்கு இடம் கொடுக்க மறுத்ததையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இனி, நாட்டு மாடு எப்படி மறைந்தது என்று பார்ப்போம். யாரும் அதை வெறுத்துத் துரத்தவில்லை. முதலிலே துலாவின் இடத்துக்கு மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரம் வந்தது. பிறகு கலப்பையின் இடத்துக்கு உழவு இயந்திரம் வந்தது. எருவின் இடத்துக்கு உர மூடை வந்தது. 1970 க்கும் 1977 க்கும் இடையிலே இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது, யாழ்ப்பாணத்துக் கமக்காரன் கல்வீடு கட்டினான். உரமும் தாராளமாகப் போட்டான். நாட்டு மாடு செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக வேறு ஆட்கள் எடுத்துக்கொள்ள, மிஞ்சியது பால் ஒன்றுதான். பாலிலே போட்டி என்று வந்தால் சிந்தியும் ஜேர்சியும் பிரீசியனும் வெல்லும். அதிலே அதிசயம் இல்லை.

நாட்டு மாட்டின் அந்த இழப்பு எங்கே போய் முடிந்தது என்பதை நம் கிணறுகள் சொல்கின்றன. வலிகாமத்துக் கிணற்று நீரிலே நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதாக 1980 களிலிருந்தே ஆய்வாளர்கள் எச்சரித்து வருகிறார்கள். சுண்ணக்கல்லுக்கு வடிகட்டத் தெரியாது. மேலே போட்டது கீழே போய்ச் சேரும். எருவும் அளவு மிஞ்சினால் இதே தீமையைச் செய்யும் என்பது உண்மை. ஆனால் இரண்டு மாடு வைத்திருப்பவன் இரண்டு மாட்டின் எருவுக்கு மேல் போட முடியாது. அளவை மாடே வைத்துவிடுகிறது.

பிறகு போர் வந்தது. 1990 க்குப் பின்னர் எரிபொருளும் உரமும் தடைசெய்யப்பட்ட காலத்திலே, கழற்றி வைத்த நுகத்தடிகளை மீண்டும் இறக்கினார்கள். எருதும் எருவும் சிலகாலம் மதிப்புப் பெற்றன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி அதுவும் முடிந்தது. அன்று வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாதையிலே மனிதர் நகரவே இடமில்லை; மாட்டை எப்படிக் கொண்டுபோவது? எங்கள் வீட்டிலே அப்போது மூன்று உருப்படி நின்றன. அப்பா கட்டுக் கயிற்றை அவிழ்த்தார். தொட்டியிலே தண்ணீரை நிரப்பி, இருந்த வைக்கோல் முழுவதையும் இழுத்துப் போட்டார். படலையைச் சாத்தாமல் திறந்து விட்டார். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் நாங்கள் திரும்பியபோது தொட்டி இருந்தது. எத்தனையோ வீடுகளிலே இதே கதைதான். மாட்டின் கணக்கை அந்த ஆண்டு யாரும் எடுக்கவில்லை. மனிதரின் கணக்கே பெரிதாக இருந்தது.

ஊர் திரும்பியவர்கள் மீண்டும் மாடு கட்டியபோது பால் மாட்டைக் கட்டினார்கள். கடனும் மானியமும் பாலுக்குத்தான் கிடைத்தன. பிள்ளைக்குப் பால் வேண்டும், மிச்சத்தைச் சங்கத்துக்குக் கொடுத்தால் கைக்குக் காசு வரும். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நாட்டு மாடு எதையும் தாங்கும் என்று சொல்லிப் பெருமைப்படுவோருக்கும் ஒரு சொல். 1987 ஆம் ஆண்டு இந்திய அமைதிப் படையின் உணவுக்கென்று வந்த ஆடுகளோடு வெக்கை நோய் இலங்கைக்குள் மீண்டும் நுழைந்தது. அது நாட்டு மாடு, சீமை மாடு என்று பார்க்கவில்லை. அந்த நோயை உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக 2011 ஆம் ஆண்டு அறிவித்தார்கள், ஒழித்தது தடுப்பூசி. 2022 டிசம்பரிலே புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்து விழுந்தன. அவற்றிலே திறந்த வெளியில் நின்ற பட்டி மாடுகள் நிறைய. தீனியும் ஒதுங்க ஓரிடமும் இல்லாவிட்டால் எந்த மாடும் சாகும். அதேபோல, நாட்டு மாட்டுப் பால் சர்வரோக நிவாரணி என்று போத்தலிலே அடைத்து விற்போரின் பேச்சும் எனக்கு வேண்டாம். பிறருடைய உணவுத் தட்டை எட்டிப் பார்த்து நியாயம் பேசுவதற்கும் இந்தப் பசுக்களை நான் துணைக்கு அழைக்கவில்லை. என் தோட்டத்து மண்ணுக்கு எரு வேண்டும். கடன்படாமல் வளர்க்கக்கூடிய மாடு வேண்டும். அவ்வளவுதான்.

வளர்ப்பும் அவ்வளவு பெரிய பாடல்ல. மாரியிலே புல். கோடையிலே பச்சைப் பனையோலையை வார்ந்து கிழித்துப் போட்டால் தின்னும். வேலியிலே சீமைக் கிளுவையும் பூவரசும் குழை தரும். அரிசி கழுவிய தண்ணீரிலே ஒரு கை தவிடும் கொஞ்சம் எள்ளுப் பிண்ணாக்கும். ஜேர்சிக்கு வேண்டிய அடர்தீனி மூடையின் விலை என் வீட்டுக்குள் வரவில்லை. முதல் ஆண்டு முடிவிலே இரண்டு பரப்பு வெங்காயத் தறைக்கு வீட்டெருவே போதுமாயிற்று. அதே தறைக்கு முந்திய ஆண்டு வாங்கிய பசளையின் சிட்டையை என் மனைவி கொட்டில் வளையிலே செருகி வைத்திருக்கிறாள்.

இனித்தான் சிக்கல். வெள்ளைப் பசு பூநகரியிலிருந்து வரும்போதே சினையாக இருந்தது. நாம்பன் கன்று ஈன்றது. செந்நிறப் பசு நாகு ஈன்றது. சில மாதங்களில் வெள்ளை மீண்டும் காளைக்குக் கத்தத் தொடங்கியது. எங்கள் பகுதியிலே செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு வருகின்ற தம்பி நல்ல மனிதர். இரவிலே கூப்பிட்டாலும் வருவார். குளிரூட்டிய கலனைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, ஜேர்சி இருக்கு, பிரீசியன் இருக்கு, சாகிவால் இருக்கு. உந்த இனத்திலை என்னட்டை இல்லை. ஊருக்கை நாட்டு நாம்பன் இருந்தால் பாருங்கோ."

ஊர் முழுவதும் தேடினேன். பசுக்கள் இருந்தன, நாகுகள் இருந்தன. நாம்பன் இல்லை. இருந்த இரண்டும் காயடித்தவை. ஏன் இல்லை என்பது விளங்க நீண்ட நேரம் செல்லவில்லை. பால் தராது, உழவுக்கு வேண்டாம், வேலி பாயும், தின்னும். பிறந்து ஓராண்டுக்குள் விற்றுவிடுவதே வழமை. ஒரு வீட்டுக்கு அது நட்டம். ஊருக்கு மட்டும் அது வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். நாட்டுப் பசுவுக்கு ஜேர்சி விந்தைச் செலுத்தினால் பிறக்கும் கன்றிலே நாட்டு இரத்தம் பாதி. அந்தக் கன்று வளர்ந்து அதற்கும் ஜேர்சி என்றால் காற்பங்கு. அதற்கடுத்த கன்றிலே அரைக்காற் பங்கு, அதாவது எட்டில் ஒன்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போதும். யாரும் ஒரு மாட்டையும் கொல்ல வேண்டியதில்லை. கொட்டில் நிறைய மாடு நிற்கும், இனம் மட்டும் போய்விட்டிருக்கும். பசுவை எத்தனை அன்போடு வைத்திருந்தாலும் நாம்பன் இல்லாத ஊரிலே அந்த இனத்துக்கு நாளில்லை.

கேரளத்திலே இது கண்முன்னே நடந்தது. அங்கே 1961 ஆம் ஆண்டு கால்நடை மேம்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. அனுமதி பெறாத நாட்டுக் காளைகளைக் காயடிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நோக்கம் பால் பெருக வேண்டும் என்பதுதான். பாலும் பெருகியது. ஆனால் கோட்டயம் மாவட்டத்து வெச்சூர் என்ற ஊரின் பெயரால் வழங்கிய சின்னஞ்சிறு பசு இனம் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. 1989 ஆம் ஆண்டு கேரள வேளாண் பல்கலைக்கழகத்திலே பேராசிரியை சோசம்மா ஐப் அவர்களும் அவருடைய மாணவர்களும் ஊரூராக அலைந்து, எஞ்சியிருந்த சில மாடுகளைத் தேடிச் சேர்த்து அந்த இனத்தை மீட்டார்கள். அவருக்கு 2022 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டிலே காங்கேயம் காளை இன்று கம்பீரமாக நிற்கிறதென்றால், பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறையாகப் பொலிகாளைகளைப் பேணியதும் அதற்கொரு காரணம். 2017 தை மாதத்திலே மெரீனாவிலே இளைஞர்கள் திரண்டபோது ஏறு தழுவுதலுக்காக முன்வைத்த வாதங்களிலே ஒன்று இதுதான்: காளைக்கு ஊரிலே ஒரு வேலை இருந்தால்தான் காளையை வளர்ப்பார்கள். அந்த விளையாட்டைப் பற்றிப் பல கருத்துக்கள் இருக்கலாம். இந்த வாதத்தின் உண்மையை என் கொட்டிலிலே நான் கண்டேன்.

இப்போது முப்பத்திரண்டு அறங்களுக்குத் திரும்பிப் பாருங்கள். மடம் ஒரு வழிப்போக்கனுக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் வேண்டும். குளமும் அப்படியே. தண்ணீர்ப் பந்தலும் அப்படியே. தனியொருவருக்கு இலாபமில்லாமல், எல்லாருக்கும் தேவையாய் இருக்கின்றவற்றைத்தான் நம் முன்னோர் அறம் என்று பெயரிட்டு ஒரு பட்டியலாக்கினார்கள். ஏறும் அத்தகையதுதான். ஒரு வீடு அதைச் சுமக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கோயிலின் பெயரால் விட்டார்கள். அது தோட்டத்திலே வாய் வைத்தபோது கமக்காரன் திட்டிக்கொண்டே துரத்தினான், ஆனால் கொல்லவில்லை. 'கோயில் மாடு மாதிரித் திரியிறான்' என்று வேலையற்றவனை ஏசுகிறோம். அந்தக் கோயில் மாட்டுக்கு ஒரு வேலை இருந்தது. அது நமக்கு மறந்துவிட்டது.

வெள்ளையின் கன்றை நாங்கள் விற்கவில்லை. இறைச்சிக்குக் கேட்டு மூன்று முறை ஆள் வந்தது. கடைசியாகச் சொன்ன விலை பிள்ளைகளின் ஒரு தவணை ரியூசன் செலவை அடைக்கும். அன்றிரவு வீட்டிலே நடந்த விவாதத்தை உங்களுக்கு ஒலிபரப்ப முடியாது. முடிவிலே, தனியே சுமப்பதில்லை என்று தீர்மானித்தோம். நாட்டுப் பசு வைத்திருக்கும் ஐந்து வீட்டாரை அழைத்துப் பேசினோம். நாம்பனைக் காயடிப்பதில்லை. மாதம் ஒரு வீடாக முறைவைத்துக் கட்டித் தீனி போடுவது. எந்தப் பசு எந்தத் திகதியிலே கூடியது என்று ஒரு கொப்பியிலே எழுதி வைப்பது. தன் மகளோடே காளை கூடக்கூடாது. ஆகவே நாகுகள் பருவத்துக்கு வருவதற்கு முன், ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை, பூநகரிப் பட்டியிலே ஒன்றைக் கொடுத்து வேறொன்றை மாற்றி எடுப்பது. பழைய அறத்தை ஒரு கொப்பிக்குள் அடக்கிய மாதிரிதான்.

எல்லாம் சுகமாக நடக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சென்ற மாரியிலே நாம்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வளவின் வெங்காயத் தறையிலே ஒரு பாத்தியை மிதித்துவிட்டது. அந்தத் தறை, அன்று போத்தல் கணக்குக் கேட்ட அதே பெரியவருடையது. ஐந்து வீட்டாரும் சேர்ந்து நட்டத்தைக் கொடுத்தோம். அவர் காசை எண்ணி மடியிலே செருகிக்கொண்டு, "நாணயக் கயிறு குத்தாமல் நாம்பன் வளர்க்கிறியளோ?" என்று ஏசினார். மறுநாள் காலையிலே வந்து மூக்குக் குத்தித் தந்தவரும் அவரே. ஆனால் ஐந்து வீட்டிலே ஒரு வீடு, இந்த வம்பு எங்களுக்கு வேண்டாம் என்று விலகிவிட்டது. அவர்களுக்கு இரண்டு பரப்புக்குமேல் நிலமில்லை. இன்னொருவர் பயிரை மிதித்தால் கட்ட அவர்களிடம் காசுமில்லை. அவர்களை நான் நோகேன்.

நேயர்களே, உங்கள் ஊரிலே எங்காவது ஒரு வேலியோரத்திலே சிறிய கொம்பும் சிறிய திமிலுமாக ஒரு நாட்டு நாம்பன் கட்டி நிற்குமானால், அதைக் காயடிப்பதற்கோ விற்பதற்கோ முன்னர், சுற்றியுள்ள கொட்டில்களிலே எத்தனை நாட்டுப் பசுக்கள் நிற்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான்கு வீடு சேர்ந்தால் ஒரு காளையைக் காக்கலாம். ஐந்து வீடு என்றால் பாரம் இன்னும் குறையும்.

எங்கள் நாம்பனுக்கு இப்போது இரண்டு வயது கடந்துவிட்டது. இந்த மாதம் முறை எங்கள் வீட்டுக்கு. வருகிற பட்டிப் பொங்கலுக்கு முன் அதை மாற்றி எடுக்க வேண்டும். கொப்பியும் எழுதி வருகிறோம். ஐந்தாவது வீட்டைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.